இருபத்தொன்றாம் எண் செல்லும் வழி

மாநகரம் என்பது, பல ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே காடோ கொல்லையோ இல்லாமல் நீண்டு கிடக்கும் பெருநிலப்பரப்பாகும். அங்கு வாழும் மக்கள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து செல்ல இயலாத காரணத்தால் பேருந்துகளில் செல்கின்றனர். அப்பேருந்துகளை எண்களைக் கொண்டு அடையாளம் காண்கின்றனர். முதியோர் கல்வி வகுப்பில் மாநகரைப் பற்றி நான் கற்றது இவ்வளவே. அப்பாடத்தில் இல்லாத பகுதியை நான் நேரில் சென்று கற்க நேர்ந்தது. அதனை இங்கு எழுதுகிறேன்.

எங்கள் மலை ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டு வழியாக நடந்து சேரும் தொலைவில் உள்ளது. அந்த ஆண்டு பங்குனி மாதத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய ஆண்மகன் திருவிழா முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்பது எங்கள் வழக்கம். ஆண்மகன் வெளியூரில் இருக்கும் வீட்டுக்குக் காப்பு இல்லை. என் கணவர் ரங்கசாமி சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்தபடியால் எங்கள் வீடு அவ்வாறு விடுபட்டிருந்தது.

கோயில் முன் ஆண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்த வேளையில் சின்னதம்பி வந்து சேர்ந்தார். அவரும் என் கணவருடன் அதே கட்டடத்தில் வேலை செய்தவர். பையைக் கூடக் கீழே வைக்காமல் வரிசையில் நின்று கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டி முடித்தார். அதன் பிறகே சின்னதம்பி என்னிடம் வந்தார்.

“அக்கா, பயப்படாத. மாமா சாரத்துலேர்ந்து வுழுந்துட்டாரு. உசுருக்கு ஒண்ணுமில்ல. கால்ல எலும்பு முறிஞ்சி மாவுக்கட்டு போட்டுக்கீறாங்க. வர்ற புதங்கெழம அனுப்பிடுவாங்களாம். கூட்டிம்போவ யாராவது வந்தே ஆவணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆம்பளையா ஒரு ஆள அனுப்பச் சொன்னாரு மாமா.”

என் கணவரின் அக்காள் ராணியம்மாள் அருகில் நின்றிருந்தார். அவர் சின்னதம்பியின் மணிக்கட்டைப் பிடித்து அந்த மஞ்சள் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

“ஏன்டா, இத மொதல்ல சொல்லிட்டு அப்பறம் கைய நீட்டக்கூடாதா? உன்னையே திருப்பி அனுப்பியிருக்கலாமே!”

“எல்லாரும் வரிசையில நின்னாங்க அத்தே. நானும் நின்னேன்.”

“வரிசையப் பாத்தா போய் நிக்கறதுதான் பட்டணத்துல கத்துக்கினு வந்தியா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை அந்தப் படுக்கையை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். நடக்க முடியாத மனிதர் அத்தனை பெரிய ஊரில் எந்த இடத்தில் போய் உட்காருவார்? ஊரில் இருந்த ஆண்கள் அனைவரின் கையிலும் கயிறு ஏறிவிட்டது. ஆகவே நானே போகிறேன் என்று கூறினேன்.

“அம்மாக்கண்ணு, நீயா?” என்றார் ராணியம்மாள். “ஜமுனாமரத்தூரு சந்தையத் தாண்டி நீ எங்கடி போயிருக்க?”

“திருப்பத்தூருக்குப் போயிருக்கேன் அண்ணி.”

“திருப்பத்தூருல தொலைஞ்சா நின்னு சத்தம் போட்டா யாராவது வருவாங்க. மெட்ராசுல தொலைஞ்சா இன்னா பண்ணுவ?”

“எனக்கு இப்ப எழுத்து தெரியுது. நம்பரும் தெரியுது.”

“எழுத்து தெரிஞ்சவங்களும்தான்டி தொலையறாங்க!”

இந்த வாதத்தை ஊர்க்கவுண்டர் கோபால்சாமி முடித்து வைத்தார். காப்புக் கட்டிய நாள்களில் ஆண்கள் ஏர் பூட்டுவதில்லை, காட்டுக்கும் போவதில்லை. ஆகையால் அனைவரும் கை ஓய்ந்து இருந்தனர். கவுண்டர் சின்னதம்பியை அழைத்து, “நாங்க யாரும் எல்லையத் தாண்ட முடியாது. நீ பட்டணத்த இங்க கொண்டாந்து போடு. அம்மாக்கண்ணு பாத்துப் பழவிக்கட்டும்” என்றார்.

சாமை அடித்து முடித்த களம் வெறுமையாகக் கிடந்தது. சின்னதம்பி அதில் சென்னையை அமைத்தார். ஓர் உரலை உருட்டி வந்து ஒரு பக்கம் நிறுத்தி, அதுவே வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் பாரிமுனை என்றார். மறுபுறத்தில் கவிழ்த்து வைத்த முறம் ராயப்பேட்டை மருத்துவமனை. இரண்டுக்கும் இடையே மாட்டுக் கயிறுகளை முடிந்து நீட்டினார்; அது சாலை. களத்தின் ஓரம் முழுவதும் ஒரு கறுப்புக் கம்பளியை விரித்தார், அது கடல்.

“கடலு மேலண்டயா, கீழண்டயா?” என்று வீரன் கேட்டார். வீரன் எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர். எங்கள் மலையில் வழி கேட்பவருக்கு மேடு, பள்ளம் என்ற இரண்டையும் கொண்டே வழி சொல்வது வழக்கம்.

“அங்க மேலயும் இல்ல, கீழயும் இல்ல. எல்லாம் ஒரே சமம்.”

ராணியம்மாள் இதை நம்பவில்லை. “சமமா இருந்தா மழத்தண்ணி எங்கடா போவும்?”

“எங்கயும் போவாது அத்தே. அங்கயே நிக்கும்.”

“நின்னா?”

“அதுலயேதான் எல்லாரும் நடப்பாங்க.”

“நல்லா கட்டுனாங்க ஊர!” என்றார் ராணியம்மாள்.

அடுத்து, பேருந்து வேண்டியிருந்தது. வீரனைப் பேருந்தாக நியமித்தனர். அவருடைய வெற்று மார்பில் அடுப்புக்கரியால் ‘21’ என்று நானே எழுதினேன். பாரிமுனையிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் எண் அதுவே என்று சின்னதம்பி கூறினார். வீரன் உரலின் அருகிலிருந்து கயிற்றின் மேல் நடந்து வருவார். நான் துணி மூட்டையோடு ஓடிச்சென்று அவர் தோளைத் தொட வேண்டும். தொட்டால் ஏறிவிட்டதாகப் பொருள்.

வீரன் நடந்து வந்தார். நான் மூட்டையை எடுக்கக் குனிந்தேன். அவர் நின்றுவிட்டார்.

“நிக்காதடா!” என்று சின்னதம்பி கத்தினார். “பட்டணத்து வண்டி நிக்காது.”

“அக்கா மூட்டைய எடுக்கறாங்க இல்ல?”

“எடுத்தா இன்னா? அது பாட்டுக்குப் போயிடும்.”

“ஏர்றதுக்கு ஆளு நிக்கறப்ப வுட்டுட்டுப் போறதுக்கு அது இன்னாத்துக்குடா வண்டி?”

 சின்னதம்பி மீண்டும் நடக்கும்படி வீரனை விரட்டினார். பிறகு பாண்டுரங்கன் என்பவரையும் அழைத்து, அவர் மார்பிலும் இருபத்தொன்று என்றே எழுதச் சொன்னார். நான் கரியோடு தயங்கி நின்றேன்.

“அதான் வீரன் மேல எழுதியாச்சே” என்றார் கவுண்டர்.

“ஒரு வண்டி போச்சுன்னா அடுத்தது வரணுமில்லீங்க? அதுவும் இருபத்தொண்ணுதான்.”

“ஒரே பேருல ரெண்டா? அப்ப எது நெசம்?”

“ரெண்டும் நெசந்தாங்க.”

களத்தில் பெரும் பேச்சு எழுந்தது. எங்கள் சாலையில் வரும் பேருந்து ஒன்று; அதை ஓட்டுநரின் பெயரால் அழைக்கிறோம். ஒரு பெயர் ஒரு வண்டிக்கே உரியது. ஒரே பெயர் கொண்ட இரண்டு வண்டிகளை ஏற்றுக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் அது விளங்கவில்லை. ஆயினும் பாண்டுரங்கன் மார்பிலும் எழுதினேன். அன்று மாலை வரை அவ்விருவரும் கயிற்றின் மேல் நடந்தனர், நான் ஓடி ஓடி ஏறினேன், முறத்தருகே இறங்கினேன். இறுதியில் வீரன், தமக்கு டீசல் ஊற்றாவிட்டால் இனி ஓட முடியாது என்று கூறி உட்கார்ந்துவிட்டார். ராணியம்மாள் அவருக்குக் கூழ் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பின் என்னிடம் திரும்பி, “போய்ட்டு வா. தலைய வெளிய நீட்டாத” என்றார். அதுவே அவர் எனக்களித்த சம்மதம்.

செவ்வாய்க்கிழமை மலைப் பேருந்தில் திருப்பத்தூருக்கு இறங்கி, அங்கிருந்து சென்னைப் பேருந்தில் ஏறினேன். புதன்கிழமை பொழுது விடிந்து நன்கு வெளிச்சம் வந்தபின் பாரிமுனையில் இறங்கினேன்.

இங்கு ஒன்றைக் கூற வேண்டும். உரலும் முறமும் கயிறும் வைத்துக் கற்ற பாடம் பயனற்றுப் போகவில்லை. மாநகரின் இரைச்சலில் முதலில் மூட்டையை அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றது உண்மை. ஆனால் எண்களைப் பார்த்ததும் அச்சம் குறைந்தது. அவை எனக்குத் தெரிந்தவை. ஐந்து வந்தது, பதினெட்டு வந்தது; பன்னிரண்டு வந்தது, அதன் வாலில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தது. எங்கள் வகுப்பில் ஆங்கில எழுத்துகளைக் கற்பிக்கவில்லை. எண்ணுக்கு வால் எதற்கு என்று அருகில் நின்ற பூக்காரப் பெண்ணைக் கேட்டேன்.

“அதே ரூட்டுல போயி நடுவுல பிரிஞ்சிடும்மா” என்றார் அவர்.

ஒற்றையடிப் பாதையிலிருந்து கிளைப்பாதை பிரிவதைப் போன்றது போலும் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறாயின் இந்நகரில் எத்தனை பாதைகள், எத்தனை கிளைகள்! அவை அனைத்தும் யார் மனத்தில் உள்ளன? இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில் வாலற்ற இருபத்தொன்று வந்தது. வீரனிடம் பழகியபடியே ஓடிச்சென்று ஏறினேன். அது உண்மையாகவே நிற்கவில்லை. சற்று மெதுவாகியது, அவ்வளவே.

பெண்களின் வரிசையில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுகிலும் பலகைகள். மலர் சைக்கிள் கடை, ஜெயா தையலகம், அசல் நெய் மிட்டாய்க் கடை என ஒன்று விடாமல் படித்துக்கொண்டே சென்றேன். பலகைகளைப் படித்த மகிழ்ச்சியில் இறங்குமிடத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்று நடத்துநரிடம் அடிக்கடி கேட்டேன். “இன்னும் வர்லம்மா, வந்தா நானே சொல்றேன்” என்று அவர் சலித்துக்கொண்டாலும், மருத்துவமனை வந்ததும் மறவாமல் கூப்பிட்டு இறக்கிவிட்டார்.

என் கணவர் வராந்தாவில் ஒரு பெஞ்சின் மேல் வெள்ளைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பையும் இரண்டு ஊன்றுகட்டைகளும் அருகில் இருந்தன. என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தார்.

“ஆம்பள யாரு வந்துக்கீறாங்க?”

“யாருமில்ல. எல்லாரும் காப்புக் கட்டிட்டாங்க. நாந்தான் மிச்சம்.”

“தனியாவா வந்த?”

“பின்ன? மாரியாத்தாளையா கூட்டிம்வர முடியும்?”

அவர் முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்து வந்தன. “வந்துட்ட சரி. திரும்பிப் போவணுமே, புள்ள!”

“மாசக்கணக்கா இந்த ஊர்லதானே இருந்தீங்க? உங்களுக்கு வழி தெரியாதா?”

“எனக்கு எங்க தெரியும்? மேஸ்திரி லாரியில ஏத்துவான், லாரியில எறக்குவான். அஞ்சாவது மாடியிலேர்ந்து பஸ்ஸெல்லாம் பாத்திருக்கேன். மேலேர்ந்து பாத்தா கூரைதான் தெரியும். கூரையில நம்பரு எழுதல.”

டாக்டரம்மா சொன்ன இடத்தில் நான் என் பெயரைக் கையெழுத்தாக இட்டேன். பிறகு புறப்பட்டோம். பிற்பகலில் பாரிமுனையிலிருந்து திருப்பத்தூருக்குப் பேருந்து உண்டு. அதைப் பிடித்தால் ஏறி உட்கார்ந்துவிடலாம். பிடிக்காவிட்டால், கட்டுப்போட்ட காலுடன் அவரை வைத்துக்கொண்டு தங்குவதற்கு அந்நகரில் எங்களுக்கு ஓர் இடமும் இல்லை.

காலையில் நான் இறங்கிய நிறுத்தம் மருத்துவமனை வாயிலை ஒட்டியே இருந்தது. அவரை மெல்ல நடத்தி அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். சிறிது நேரத்தில் இருபத்தொன்று வந்தது. கால் ஒடிந்தவரைக் கண்டு இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டனர். முன் இருக்கையில் அவரை அமர்த்தினேன். கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.

சன்னல் வழியே பலகைகளைப் படிக்கலானேன். காலையில் கடைசியாகப் படித்தது மிட்டாய்க் கடை. ஆகவே இப்போது அதுவே முதலில் வர வேண்டும். அதன் பின் தையலகம். அதன் பின் சைக்கிள் கடை. ஆனால் வந்தது ஒரு மரக்கடை. பிறகு ஒரு திருமண மண்டபம். பிறகு நான் ஒருபோதும் காணாத ஒரு கோயில் மதில்.  நடத்துநர் வந்தார்.

“எங்கம்மா?”

“பாரிமுனைங்க. ரெண்டு பேரு.”

“பாரிமுனையா? இது மந்தவெளி போற வண்டி. எதிர்சைடுல நின்னு ஏறணும்.”

“இது இருபத்தொண்ணுதானுங்களே?”

“ஆமா. போறதும் இருபத்தொண்ணு, வர்றதும் இருபத்தொண்ணு.”

பக்கத்து இருக்கைகளில் இருந்தோர் சிரித்தனர். எங்கள் தவற்றுக்குக் காரணம் இருந்தது. எங்கள் மலைச்சாலையில் எந்த மரத்தடியில் பேருந்து இறக்கிவிடுகிறதோ அதே மரத்தடியில்தான் ஏற்றிக்கொள்ளும். அதன் முகம் பள்ளத்தை நோக்கியிருந்தால் திருப்பத்தூர். மேட்டை நோக்கியிருந்தால் ஜமுனாமரத்தூர். இறங்கிய இடத்தில் ஏறுவது எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத அறிவு. சமநிலத்தில் வண்டியின் முகம் எதையும் அறிவிப்பதில்லை. களத்தில் நாங்கள் திரும்பும் வழியைப் பழகவே இல்லை. போன வழியே வருவதற்குப் பழக்கம் எதற்கு என்று அனைவரும் நினைத்தோம்.

“அடுத்த ஸ்டாப்புல எறங்கி ரோட்டத் தாண்டி அந்தாண்ட நில்லுங்க” என்று நடத்துநர் ஊதலை வாயில் வைத்தார்.

என் கணவர் கட்டைகளைப் பற்றி எழ முயன்றார். அவமானத்தால் அவர் காது சிவந்திருந்தது. நான் சாலையைப் பார்த்தேன். லாரி, கார், ஸ்கூட்டர், சைக்கிள் ரிக்‌ஷா என்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. என்னாலேயே அதைத் தாண்ட முடியுமா என்பது ஐயம். இரண்டு கட்டைகளில் தொங்கும் மனிதரால் ஒருபோதும் முடியாது.

“இருங்க, எறங்க வேணாம்” என்று அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். நடத்துநரிடம், “இந்த வண்டி மந்தவெளிக்குப் போயி திரும்பி வருமில்லீங்க?” என்றேன்.

“வராம? கடலுக்குள்ளயா போவும்?”

“அப்ப நாங்க எறங்கல. உக்காந்தே இருக்கோம். வரும்போது பாரிமுனைக்கு வந்துடறோம்.”

“அதெப்பிடிம்மா? இதுக்கு ஒரு டிக்கெட்டு, அதுக்கு ஒரு டிக்கெட்டு.”

“ரெண்டும் வாங்கறோம்.”

“ஊரு சுத்திப் பாக்க வந்தீங்களா?” என்று அவர் சீட்டைக் கிழித்தார். அருகில் இருந்த ஒரு மூதாட்டி, “வுடுய்யா, கால் ஒடிஞ்ச மனுசன். அந்தம்மா சரியாத்தான் சொல்லுது” என்றார்.

போன வண்டி திரும்பி வந்தே தீரும் என்ற நம்பிக்கையில் நான் அமைதியடைந்தேன். என் கணவர் அமைதியடையவில்லை. “வண்டி போயிடப் போவுது, புள்ள. திருப்பத்தூரு வண்டி” என்று முணுமுணுத்தார்.

மந்தவெளியில் பேருந்துகள் வந்து திரும்பும் பெரிய முற்றம் ஒன்று உள்ளது. எங்கள் பேருந்து அதனுள் புகுந்து நின்றது. அனைவரும் இறங்கினர். ஓட்டுநர் டீ குடிக்கச் சென்றார். நாங்கள் இருவர் மட்டும் அமர்ந்திருந்தோம். அப்போது நடத்துநர் வண்டியின் முன்பக்கம் சென்று, அதில் மாட்டியிருந்த தகரப் பலகையைக் கழற்றினார். இருபத்தொன்று என்ற எண் அப்படியே அவர் கையில் வந்துவிட்டது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேறோர் எண்ணுள்ள பலகையை அவ்விடத்தில் மாட்டினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “இன்னாங்க பண்றீங்க?”

“இன்னும் உக்காந்துனுகீறீங்களா? இந்த வண்டிய வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்கம்மா. பிரேக் சரியில்லாத வண்டி ஒண்ணு நின்னுபோச்சாம், அதுக்குப் பதிலா இது போவுது.”

“திரும்பி வரும்னு சொன்னீங்களே!”

“அப்ப எனக்குத் தெரியாது. இப்பத்தான் டைம்கீப்பரு சொன்னாரு.”

என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வண்டியே பேரு மாத்திக்குச்சே. இனிமே எத நம்பிப் போறது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் அதற்கு விடை தேடினேன். நாங்கள் எண்ணை வீரனின் மார்பில், தோலின் மேல் எழுதினோம். வீரன் எங்கே போனாலும் எண்ணும் அவரோடு போயிற்று. இங்கோ எண்ணை ஒருவர் கழற்றிக் கையில் எடுத்துச் செல்கிறார். அவ்வாறாயின் எண் என்பது வண்டியின் பெயரன்று. பாரிமுனையிலிருந்து மருத்துவமனை வழியாக மந்தவெளி வரை கிடக்கும் பாதையின் பெயர் அது. எந்த வண்டி அப்பலகையை அணிகிறதோ அந்த வண்டி அப்பாதையில் ஓடும். ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள் எவ்வாறு உண்மையாக இருக்கக்கூடும் என்பதும் அக்கணமே எனக்கு விளங்கியது.

“எறங்குங்க” என்றேன்.

“அப்ப எறங்க வேணான்ன?”

“இப்ப எறங்கணும். அந்தப் பலகை எங்க போவுதோ அங்க போவணும்.”

நடத்துநர் முற்றத்தைக் கடந்து சென்றுகொண்டிருந்தார். தகரப் பலகை அவர் கக்கத்தில் வெயிலில் மின்னியது. நான் பையைத் தோளில் போட்டு, என் கணவரின் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். அங்கு சாலையைத் தாண்ட வேண்டியதில்லை. வண்டிகள் மெதுவாகவே திரும்பின. ஆயினும் கட்டைகள் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கின. நடத்துநர் ஓரிடத்தில் நின்று யாரிடமோ பீடிக்கு நெருப்பு வாங்கினார், நாங்களும் நின்றோம். அவர் நடந்தார், நாங்களும் நடந்தோம். அவர் திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா, என் பின்னாடியே வர்றீங்க?” என்றார்.

“உங்க பின்னாடி வர்லீங்க. பலகை பின்னாடி வர்றோம்.”

அவர் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார். அச்சிரிப்பில் ஏளனம் இல்லை. முற்றத்தின் கோடியில் நின்ற ஒரு பழைய வண்டியின் நெற்றியில் அப்பலகையை மாட்டி, அதன் ஓட்டுநரைக் கூப்பிட்டு, “அண்ணே, ரெண்டு பேரு பாரிமுனை. கால் ஒடிஞ்ச கேசு, நின்னு ஏத்திக்க” என்றார்.

அவ்வண்டி எங்களுக்காக நின்றது. மருத்துவமனை எதிர்ப்புறமாக வந்து போயிற்று; மிட்டாய்க் கடை வந்தது; தையலகம் வந்தது. சைக்கிள் கடையும் வந்தபோது என் கணவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பாரிமுனையில் திருப்பத்தூர்ப் பேருந்து புறப்படும் நிலையில் உறுமிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அவருடைய கட்டுப்போட்ட காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

“நீ வழி தெரியாம தவிப்பேன்னுதான் ஆம்பள ஆள அனுப்பச் சொன்னேன்” என்றார் அவர்.

“வழி தெரியாமதானே போனேன். மந்தவெளின்னு ஒரு ஊரு இருக்கறதே எனக்குத் தெரியாது.”

அவர் சிரித்தார். சாரத்திலிருந்து விழுந்த பின் அன்றுதான் சிரித்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

பேருந்து நகரைக் கடந்துகொண்டிருந்தது. கடைகள் முடிந்து வீடுகள் வந்தன. வீடுகள் முடிந்தன என்று நினைத்த இடத்தில் மீண்டும் கடைகள் வந்தன. என் கணவர் சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்தப் பட்டணம் எங்கதான் புள்ள முடியுது?”

இதற்கும் எங்கள் பாடத்தில் விடை இல்லை. எங்கள் மலையில் ஊர் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். இங்கு அவ்வாறு எதுவும் தென்படவில்லை.  எதிரே நகரப் பேருந்து ஒன்று தன் எண்ணுடன் வந்து கடந்தது.

“நம்பரு போட்ட வண்டி எது வரைக்கும் வருதோ, அது வரைக்கும் பட்டணம்னு வச்சிக்கலாம்” என்றேன்.

“வச்சிக்கலாம்” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

எண்ணின் வாலைப் பற்றிப் பூக்காரப் பெண் சொன்னதையும் அவருக்குக் கூறினேன்; அதன் பிறகு இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தோம். பூந்தமல்லியில் எண்ணுள்ள வண்டிகள் பல நின்றன. அதைத் தாண்டியதும் வயல்கள் தொடங்கின. ஒரு கிணற்றடியில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் வண்டி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. வெகு தொலைவு வரை எண்ணுள்ள வண்டி எதுவும் எதிர்ப்படவில்லை.

“முடிஞ்சிப் போச்சு” என்றார் என் கணவர், சற்று ஏமாற்றத்துடன்.

நானும் அவ்வாறே எண்ணிக் கண்களை மூடினேன். அவர் என் தோளை அசைத்தார். வயல்களுக்கு நடுவே, ஒரு டீக்கடையின் முன்னால், நகரப் பேருந்து ஒன்று தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. அதன் படியில் நடத்துநர் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எங்கள் பேருந்து விரைவாக ஓடியதால் அதன் நெற்றியில் இருந்த எண் என் கண்ணுக்குள் நிற்கவில்லை.

“இன்னா நம்பரு?” என்று கேட்டார் அவர்.

“பாக்க முடியல.”

“வால் இருந்துச்சா?”

“இருந்த மாதிரிதான் இருந்துச்சு.”

“அப்ப எங்கயோ பிரிஞ்சி வந்திருக்கு” என்று கூறி, அவர் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தார்.